கை இறக்கம்

போன வாரம் பாப்பாவின் பள்ளியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. ஆண்டு விழா நடனத்துக்கு முழுக்கை வைத்த உடுப்பு வேண்டுமாம். நீலத் துணி, வட்டக் கழுத்து, கை மணிக்கட்டைத் தொட வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே இடத்தில் தைக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். நான் போய் என் பிள்ளைக்கு உண்டான துணியை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். பதினாலு வருஷமாகப் பழைய வண்ணாரப்பேட்டையில் ஜாக்கெட் தைக்கிறவள், பெற்ற பெண்ணுக்கு இன்னொருவர் தைப்பதா என்ற வீம்பு கொஞ்சம் உண்டு. உண்மைக் காரணம் வேறு. பாப்பாவுக்கு இரண்டு கையும் ஒரே இறக்கம் கிடையாது. இடது கை 15½ இஞ்சு. வலது கை 14¾.

மொத்தமாகத் தைக்கிற இடத்தில் ஆறு வயது சைஸ் என்று ஒரே அளவில் வெட்டி அடுக்கிவிடுவார்கள். வலது கை விரல்வரை வந்து தொங்கும். மேடையில் அவள் அதை இடது கையால் ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டே ஆடுவாள். நான் கீழே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். வேண்டாம்.

எங்கள் தொழிலில் சட்டைக் கைக்கும் கை என்றுதான் பேர். கை வெட்டியாச்சா, கை ஏத்தியாச்சா, கை இறக்கம் எவ்வளவு, கை லூசு எவ்வளவு என்று நாள் முழுக்க அதே பேச்சு. பாப்பா பிறந்த புதிதில் யாராவது வந்து "அக்கா, ஒரு கை சரியா ஏறல, பிரிச்சு விடுங்க" என்றால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். இப்போது பழகிவிட்டது.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த நீல உடுப்பு மட்டும் இல்லை. கொருக்குப்பேட்டையிலிருந்து தைக்கக் கொடுக்க வருகிற ஒரு பெண், தன் தங்கைக்குப் பிறந்த குழந்தை ஒரு கையை அசைக்கவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "தானா சரியாயிடும்னு சொல்லிட்டாராம்க்கா." ஆறரை வருஷத்துக்கு முன்னால் எனக்குச் சொன்ன அதே வாக்கியம், எழுத்து மாறாமல். பாதி தைத்த ஜாக்கெட்டை அப்படியே வைத்துவிட்டு அவளிடம் ஒரு மணி நேரம் பேசினேன். பேசியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

பாப்பா பிறந்தது 2019 ஆகஸ்டில். கர்ப்பத்தில் ஆறாம் மாதம் சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 140-க்குள் இருக்க வேண்டும். எனக்கு 162. சோற்றைக் குறை, இனிப்பைத் தொடாதே, சாப்பிட்டதும் நட என்றார்கள். ஒரு மாதம் ஒழுங்காக இருந்தேன். அப்புறம் மாம்பழ சீசன் வந்தது, எங்கள் அத்தையின் பாசமும் வந்தது. "வயித்துப் புள்ளைக்குத்தானே சாப்புடுறே" என்றார் அத்தை. எனக்கும் ஆசைதான், அவர்மேல் பழி போட மாட்டேன். தாய்க்குச் சர்க்கரை ஏறினால் குழந்தைக்கு எடை ஏறும். அந்த எடையும் தோளிலும் மார்பிலும்தான் அதிகம் ஏறும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எல்லாரும் என் வயிற்றைப் பார்த்து "நல்ல வளத்தி" என்று பாராட்டினார்கள். பிறந்தபோது 4 கிலோ 200.

பிரசவம் ஒரு சின்ன நர்சிங் ஹோமில். பேர் வேண்டாம். வலி எடுத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத் தலை வந்துவிட்டது. "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்ற குரல் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. அந்த அமைதியை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. வெளியே வந்த தலை, ஆமை மாதிரி திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டதாம். திடீரென்று இரண்டு நர்சுகள் ஆளுக்கொரு பக்கம் என் முழங்காலைப் பிடித்து நெஞ்சோடு அழுத்தினார்கள். இன்னொருவர் அடிவயிற்றுக்குக் கீழே கையை வைத்து அமுக்கினார். யாரோ "தோள் மாட்டிக்கிச்சு" என்றார்கள். எத்தனை நிமிஷம் என்று தெரியாது. சுவரில் கடிகாரம் இருந்தது, நான் பார்க்கவில்லை.

குழந்தையின் ஒரு தோள் என் இடுப்பின் முன் எலும்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது. குழந்தைகள் பெரும்பாலும் படுத்திருக்கும் வாக்கில் அப்படி மாட்டுவது வலது தோளாகத்தான் இருக்குமாம். தலை வெளியே, உடம்பு உள்ளே, மூச்சுக்கு வழியில்லை. சில நிமிஷங்களுக்குள் எடுத்தாக வேண்டும். முழங்காலை நெஞ்சோடு மடக்கினால் இடுப்பெலும்பு கொஞ்சம் திரும்பி வழி கிடைக்கும் என்பதும், அடிவயிற்றில் அமுக்குவது அந்தத் தோளை நகர்த்தத்தான் என்பதும் பிறகு தெரிந்துகொண்டேன். அந்த மூன்று நர்சுகள் செய்ததும் சரிதான். தலையை எவ்வளவு இழுத்தார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. என் கண்ணுக்கு எட்டாத பக்கம் அது. ரொம்ப நாள் அதையே நினைத்துக் கோபத்தில் வெந்தேன். யாரும் இழுக்காமலே, கர்ப்பப்பை தள்ளுகிற வேகத்திலேயே நரம்பு இழுபடலாம் என்றும், ஆபரேஷன் செய்து எடுத்த குழந்தைக்குக்கூட அபூர்வமாக இது வருவதுண்டு என்றும் பின்னாளில் ஒரு டாக்டர் சொன்னார். நம்பினேன். முழுசாக இல்லை.

ஆனால் ஒரு கோபம் நியாயமானது, அதை விட மாட்டேன். டிஸ்சார்ஜ் சீட்டில் "நார்மல் டெலிவரி, குழந்தை நலம்" என்று இரண்டு வரிதான் இருந்தது. தோள் மாட்டியது, எத்தனை நிமிஷம் ஆனது, என்ன செய்து எடுத்தார்கள் என்று ஒரு எழுத்து இல்லை. அதற்கப்புறம் நான் பார்த்த ஒவ்வொரு டாக்டரும் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வாயால் சொன்னதுதான் ரெக்கார்டு.

பிறந்த மறுநாள் யாரோ கதவைப் படாரென்று சாத்தினார்கள். பாப்பா திடுக்கிட்டு இடது கையை விரித்தாள். வலது கை அசையவில்லை. உடம்போடு ஒட்டி, முழங்கை நீண்டு, உள்ளங்கை பின்பக்கம் திரும்பி, மணிக்கட்டு மடங்கிக் கிடந்தது. டாக்டர்கள் இதை வெயிட்டர் டிப்ஸ் வாங்குகிற கை என்பார்களாம். எங்கள் வீட்டுக்காரர் பார்த்ததும் சொன்னது: "இன்னாது, பின்னாடி கையை நீட்டி மாமூல் வாங்குற மாதிரி கீது." சிரித்துவிட்டு உடனே அழுதார். அவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஓட்டுகிறவர். அவர் அழுது அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். கழுத்துக்குக் கீழே தோள்வரை குறுக்காகப் போகிற காறை எலும்பு உடையவில்லை. பிரசவத்தில் அது உடைந்தாலும் குழந்தை கையை அசைக்காது, அதனால் முதலில் அதைப் பார்ப்பார்கள். "நரம்புல கொஞ்சம் வீக்னெஸ். தானா சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த வாக்கியம் பொய் இல்லை. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு குழந்தைக்கு இது வருகிறது, அதில் பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே சரியாகவும் செய்கிறது. என் சண்டை அந்த வாக்கியத்தில் தேதி இல்லாததோடுதான். தீபாவளி ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு "தைச்சுடலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் எந்தப் பெண்ணாவது போவாளா? எப்போ தருவீங்க என்று நின்றுவிட மாட்டாளா? குழந்தையின் கைக்கு அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. பச்சை உடம்போடு தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஊரே வைத்தியர். கையைக் கட்டுப்போட்டால் சேர்ந்துவிடும் என்றார் ஒருவர். எலும்பு உடையவே இல்லை, கட்டு எதைச் சேர்க்கும்? காசிமேட்டில் சுளுக்கு எடுக்கிற ஒருவர் இருக்கிறார், உருவிவிட்டால் போதும் என்றார் இன்னொருவர். குழந்தை குளிப்பாட்டுகிற ஆயா வேறு. நம் பக்கம் ஆயாக்கள் குளிப்பாட்டுவது தெரியும்தானே. காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே மாற்றி மாற்றி இழுத்து, கடைசியில் கையைப் பிடித்து ஒரு தூக்கு. நல்ல கைகாரர்தான், எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் அவர் காலில் குளித்து வளர்ந்தவை. முதல் நாளே நான் "ஆயா, அந்தக் கையைத் தொடாதீங்க" என்றேன். அவருக்குக் கோபம். ஏற்கெனவே இழுபட்ட நரம்பை மேலும் இழுக்கக் கூடாது, கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ தூக்கக் கூடாது, கழுத்துக்கும் இடுப்புக்கும் அடியில் கை கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரிந்து சொல்லவில்லை. பயத்தில் சொன்னேன். அது சரியாக இருந்தது, அவ்வளவுதான்.

பதினோராம் நாள் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் அக்கா, தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டைக் கேட்டு வந்தார். தைத்திருக்கவில்லை. குழந்தையைப் பார்க்கிறேன் என்று உள்ளே வந்தவர், துணியை விலக்கிப் பார்த்துவிட்டுக் கையைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்தார். வலது கண் இமை இறங்கியிருக்கிறதா, கருவிழி நடுப்புள்ளி சின்னதாக இருக்கிறதா என்று பார்த்தாராம். அப்படி இருந்தால் நரம்பு வேரோடு பிய்ந்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். மூச்சுவிடும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறி இறங்குகிறதா என்றும் பார்த்தார். அப்புறம் உள்ளங்கையில் விரலை வைத்தார். பாப்பா பிடித்துக்கொண்டாள். "விரல் புடிக்குது, நல்லது. ஸ்டான்லிக்குத் தூக்கிக்கிட்டு வா. கைக்குன்னே தனி டிபார்ட்மென்ட் இருக்கு. மூணு மாசம், ஞாபகம் வச்சுக்கோ. மூணு மாசம்" என்றார். முதன்முதலாக ஒருவர் தேதி சொன்னார்.

ஸ்டான்லி எங்கள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோ தூரம். பழைய ஜெயில் ரோடு வழியாக ஆயிரம் தடவை போயிருப்பேன், கைக்குத் தனித் துறை இருப்பது தெரியாது. மாமனாருக்குத் தெரிந்திருந்தது. பட்டறையில் பிரஸ் மெஷினில் விரல் நுனி போனபோது அங்கேதான் தைத்தார்களாம். 1971-ல் டாக்டர் ஆர். வெங்கடசாமி தொடங்கியது. மெஷினும் துறைமுகமும் பட்டறையும் நிறைந்த ஊர் இது, தினமும் ஒரு கை நசுங்கும். கைக்கு ஒரு இடம் இங்கே வந்ததில் ஆச்சரியம் இல்லை. பிறந்து பதினாலு நாளான பிள்ளையோடு நான் போய் உட்கார்ந்த பெஞ்சில் எல்லாரும் கட்டுப்போட்ட ஆண்கள். ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்.

அங்கே டாக்டர் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். டெய்லர் என்றேன். "அப்ப உனக்குச் சொல்றது சுலபம்" என்றார். கழுத்தில் தண்டுவடத்திலிருந்து 5 நரம்பு வேர்கள் கிளம்பி, காறை எலும்புக்கு அடியில் ஒன்றோடொன்று பின்னி, பிரிந்து, கைக்குள் இறங்குகின்றன. மேல் இரண்டு வேர்கள் தோளுக்கும் முழங்கையை மடக்குவதற்கும், கீழ் வேர்கள் மணிக்கட்டுக்கும் விரலுக்கும் என்று தோராயமாகச் சொல்லலாம். பாப்பாவுக்கு அடிபட்டது மேல் பக்கம். எர்ப் என்ற ஜெர்மன் டாக்டர் 1874-ல் விளக்கி எழுதியதால் எர்ப்ஸ் பால்சி. விரல் பக்கம் விழுந்தால் அதற்குக் கிளம்ப்கே என்று பேர். 1885-ல் அதை எழுதியவர் ஒரு பெண், அப்போது பாரிஸில் மருத்துவ மாணவி. அது ஏனோ எனக்குப் பிடித்திருந்தது.

"துணியை இழுத்தா என்ன ஆகும்?" என்று கேட்டார் டாக்டர். "சிலது நீண்டுட்டு பழையபடி திரும்பிடும். சிலது மேல பார்க்க முழுசா இருக்கும், உள்ளே இழை அறுந்திருக்கும். சிலது கிழிஞ்சிடும். சிலது தையலோட பிரிஞ்சு வந்துடும். நரம்பும் அப்படித்தான்." நீண்டது சில வாரத்தில் திரும்பும். இழை அறுந்தது மெதுவாக வளர்ந்து சேரும். கிழிந்தது தானாகச் சேராது, கெண்டைக்காலிலிருந்து நரம்பு எடுத்து நடுவில் ஒட்டுப்போட வேண்டும். வேரோடு பிரிந்து வந்ததைப் பழைய இடத்தில் வைத்துத் தைக்கவே முடியாது, பக்கத்தில் வேலை செய்கிற இன்னொரு நரம்பிலிருந்து ஒரு கிளையை இழுத்துவந்து இணைக்க வேண்டும். "இவளுக்கு எது சார்?" என்றேன். "இன்னிக்கு வெளியிலருந்து பார்த்து யாராலயும் சொல்ல முடியாதும்மா. மூணு மாசத்துல முழங்கை மடங்குதான்னு பார்ப்போம். அதுதான் சொல்லும்." மடங்காவிட்டால் ஆபரேஷனைப் பற்றிப் பேச வேண்டும். அதையும் வருஷக்கணக்கில் தள்ளிப்போட முடியாது, நரம்பு வராத சதை காத்துக்கொண்டே இருக்காது, சுருங்கிவிடும்.

அறுந்த இழை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும் என்றார். ஒரு இஞ்சுக்கு 25 மில்லிமீட்டர் சொச்சம். அப்படியென்றால் ஒரு இஞ்சுக்கு 25 நாள்! அன்றைக்கு ராத்திரி டேப்பை எடுத்துத் தூங்குகிற குழந்தையின் கழுத்துப் பக்கத்திலிருந்து மேல்கைச் சதை வரை அளந்தேன். நாலு இஞ்சு. நூறு நாள். காலண்டரில் வட்டம் போட்டேன். அடுத்த தடவை டாக்டரிடம் சொன்னபோது சிரித்தார். "கணக்கு இவ்வளவு நேரா வராதும்மா. ஆனா உன் கணக்கு தப்புன்னும் சொல்ல மாட்டேன்" என்றார்.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று நினைத்திருந்தேன். முதல் கொஞ்ச நாள் கையை அசைக்காமல் வைத்துவிட்டு, பிறகு பிசியோதெரபிஸ்ட் அம்மா பயிற்சி சொல்லிக்கொடுத்தார். முக்கியமானது ஒன்று. முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை மட்டும் வெளிப்பக்கம் கதவு திறப்பதுபோல் திறக்க வேண்டும். தோள் உள்பக்கமாகவே திரும்பிக் கிடந்தால் மூட்டு அந்த வாக்கிலேயே வளர்ந்து, மெல்ல இடம் நகரும். நரம்பு வந்து சேரும்போது மூட்டு கெட்டிருந்தால் வந்து என்ன லாபம்? கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது இன்னொரு கையால் தோள்பட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பட்டைதான் தூக்கிக்கொண்டு வரும், மூட்டு அசையாது. ஒவ்வொரு தடவை துணி மாற்றும்போதும் பத்து தடவை. பச்சைக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை துணி மாற்றுவோம் என்று தாய்மார்களுக்குத் தெரியும்.

சட்டை போடுவதற்கும் ஒரு முறை உண்டு. போடும்போது அடிபட்ட கை முதலில். கழற்றும்போது அது கடைசியில். கடையில் விற்கிற ஜப்லா எதுவும் தோதாக இல்லை, அக்குள் பக்கம் எல்லாம் இறுக்கம். எம்.சி. ரோட்டில் மல் துணி வாங்கிவந்து, முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி, அக்குள் வெட்டை ஒரு இஞ்சு இறக்கி, நாடா வைத்துப் பன்னிரண்டு தைத்தேன். என் வாழ்க்கையில் நான் தைத்ததிலேயே நல்ல தையல் அதுதான் என்பேன். இன்னும் இரண்டு வைத்திருக்கிறேன்.

வட்டம் போட்ட நாளுக்கு ஒன்பது நாள் முன்னால், பால் குடித்துக்கொண்டிருந்தவள் வலது மேல்கைச் சதையை ஒரு துடி துடித்தாள். மடங்கவில்லை. மீன் வாலை அசைக்கிற மாதிரி ஒரு துடிப்பு. அத்தையைக் கூப்பிட்டேன், அவர் வருவதற்குள் நின்றுவிட்டது. அவர் நம்பவில்லை. மூன்று மாதம் முடிந்து ஸ்டான்லிக்குப் போனபோது டாக்டர் கைக்குக் கீழே கையைத் தாங்கிவைத்து, கன்னத்தைச் சீண்டி, மறுபடி துடிக்கவைத்துக் காட்டினார். ஐந்தாம் மாதம் மடங்கியது. நரம்பு ஆபரேஷன் தேவைப்படவில்லை. எங்களோடு அதே வாரங்களில் வந்த திருவொற்றியூர்க் குழந்தை ஒன்றுக்குத் தேவைப்பட்டது. அந்தத் தாய் என்னைப் பார்த்து "உங்களுக்குப் பரவாயில்ல" என்று சிரித்ததை இன்னும் நினைக்கிறேன்.

அப்புறம் 2020 மார்ச். ஊரடங்கு. ராயபுரம் மண்டலத்தில்தான் சென்னையிலேயே அதிகம் என்று டிவியில் தினமும் சொன்னார்கள். எங்கள் தெருமுனையில் தகரம் அடித்தார்கள். பிசியோதெரபிஸ்ட் அம்மா வீடியோ காலில் வந்தார். ஒன்பதாம் மாதம் ஒரு சோதனை உண்டு. குழந்தையின் முழங்கையை விலாவோடு பிடித்துக்கொண்டு கையில் பிஸ்கட் கொடுக்க வேண்டும். தலையை ரொம்பக் குனியாமல் வாய்க்குக் கொண்டுபோகிறாளா என்று பார்ப்பது. எங்கள் வீட்டுச் சமையலறைத் தரையில், செல்போனை அரிசி டப்பாவில் சாய்த்துவைத்து, ஒரு மில்க் பிக்கிஸ் கொடுத்தேன். குனிந்தாள், கொஞ்சம்தான். பிஸ்கட் வாய்க்குப் போனது. போனில் அந்த அம்மா கை தட்டியதில் பாப்பா பயந்து பிஸ்கட்டைப் போட்டுவிட்டாள்.

அந்த ஊரடங்கு ராத்திரிகளில் தூக்கம் வராமல் போனில் இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியின் கடைசிப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்கு இதே பிரச்சினை. 1859-ல் கால் பக்கமாகப் பிறந்தவர், இடது கை விழுந்துவிட்டது. பெரியவரானபின் அந்தக் கை ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் குட்டை. போட்டோக்களில் கையுறையைப் பிடித்துக்கொண்டோ வாளின்மேல் வைத்துக்கொண்டோ மறைத்தே நிற்பார். சின்ன வயதில் அப்போதுதான் கொன்ற முயலின் உடம்புக்குள் அந்தக் கையை வைத்துக் கட்டினார்களாம், சூடும் சக்தியும் ஏறும் என்று. நல்ல கையைக் கட்டிப்போட்டும் பார்த்தார்கள். அரண்மனையிலும் காசிமேடுதான் என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய கப்பல்தான் எம்டன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்து எண்ணெய் டாங்குகளைக் குண்டுபோட்டுக் கொளுத்தியது. மாமனார் இன்றைக்கும் கண்டிப்பான ஆளை "அவன் எம்டன்" என்பார். எம்டனை அனுப்பிய ராஜாவுக்கும் உங்கள் பேத்திக்கும் ஒரே நோய் என்றேன். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அதான் இம்மாம் புடிவாதம்" என்றார்.

கை மடங்கினால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். தோள் முடியவில்லை. வாய்க்குக் கை கொண்டுபோகும்போது சங்கு ஊதுகிறவர் மாதிரி முழங்கை பக்கவாட்டில் எழும்பும். தோள் வெளிப்பக்கம் திரும்பாவிட்டால் அப்படித்தான் கொண்டுபோக முடியும். இரண்டரை வயதில் தலைசீவ, பின்கழுத்தைத் தொட வராது. 2022 மே மாதம் ஆபரேஷன். முன்பக்கம் இறுகியதைத் தளர்த்தி, முதுகிலிருந்து அக்குள் வழியாக வருகிற ஒரு சதையின் நாணை இடம் மாற்றி, தோளை வெளியே திருப்புகிற மாதிரி பின்பக்கம் வைத்துத் தைத்தார்கள். இருக்கிற துணியில் ஒட்டை எடுத்து இறுக்கமான இடத்தில் கொடுப்பது எனக்குப் புரியாத வித்தையா? செலவு ஒன்றும் ஆகவில்லை. கஷ்டம் அதற்கப்புறம்தான். ஆறு வாரம் கையைத் தூக்கி, வெளியே திருப்பி, உடம்போடு சேர்த்து மாவுக்கட்டு. கத்திரி வெயில். கட்டுக்குள் வேர்த்து அரிக்கும், அவள் ஸ்கேல் கேட்டு அழுவாள். பக்கவாட்டில் முழுக்கத் திறந்து ஒட்டுகிற பட்டை வைத்து ஆறு கவுன் தைத்தேன். கட்டோடு தெருவில் தூக்கிக்கொண்டு போனால், எல்லாரும் "டாட்டா காட்டுது பார்" என்று திரும்ப டாட்டா காட்டுவார்கள். அவளுக்கு அது பிடித்துப்போனது.

இப்போது கை காதுவரை போகிறது. காதைத் தாண்டிப் போகாது. உள்ளங்கையை முழுசாக மேலே திருப்பி விபூதி வாங்க வராது. அதனால் அவள் இடதுகைக்காரி. இது டாக்டர்களுக்குச் சின்ன விஷயம், நம் வீடுகளில் பெரிய விஷயம். அத்தை ஆரம்பத்தில் ஒவ்வொரு வாய்க்கும் "சோத்துக் கை, சோத்துக் கை" என்று தட்டிக்கொண்டே இருப்பார். எனக்கும் அவருக்கும் நடந்த சண்டையில் பாதி அதற்குத்தான். பிறகு ஒரு கல்யாணப் பந்தியில், சொந்தக்காரர் ஒருவர் பாப்பா இடது கையால் சாப்பிடுவதைப் பார்த்து முகம் சுளித்து ஏதோ சொன்னார். அத்தை தன் இலையை அப்படியே விட்டு எழுந்து, இடது கையால் பாயசத்தை எடுத்துக் குடித்தார். மொத்தப் பந்தியும் பார்த்தது. வீட்டுக்கு வரும் வழியில் நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கொருக்குப்பேட்டைப் பெண் நேற்று போன் செய்தாள். தங்கையைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். குழந்தைக்கு இன்றோடு இருபத்தாறு நாள். விரல் பிடிக்கிறது. முழங்கை இன்னும் இல்லை. அடுத்த தேதி கொடுத்திருக்கிறார்கள்.

நீல உடுப்பு முடிந்துவிட்டது. வலது கையை முக்கால் இஞ்சு ஏற்றி, மேல்கை சுற்றளவையும் கொஞ்சம் பிடித்தேன், அந்தக் கை ஒல்லி. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். இரண்டு மணிக்கட்டும் ஒரே இடத்தில் முடிந்தன. பார்த்துவிட்டு அவள் சொன்னது உடுப்பைப் பற்றி இல்லை. மீந்த துணியில் பொம்மைக்குத் தைக்க வேண்டுமாம், அவளே வெட்டுவாளாம். என் கத்திரிக்கோலைக் கொடுத்தேன். இடது கையில் அது மேயுமே தவிர வெட்டவில்லை. கத்திரியின் பிடியும் அலகும் வலது கைக்கு என்றே செய்தது என்று இத்தனை வருஷம் பிடித்த எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

சனிக்கிழமை பாரிமுனைக்குப் போய், காசி செட்டித் தெருவில் நாலு கடை ஏறினோம். மூன்று கடையில் சிரித்தார்கள். நாலாவது கடைக்காரர் மட்டும் அப்படி ஒன்று இருக்கிறது, வரவழைத்துத் தருகிறேன் என்றார். "அடுத்த வாரம் வாம்மா, வந்துடும்."

எந்தக் கிழமை என்று கேட்டேன்.